நீல பேஸ் வெச்சிருக்கவன் சும்மா இருக்க மாட்டான்

பேஸ் கிட்டார் வாசிக்கிறவன்கிட்ட போயி உன் கிட்டார் சவுண்டு எப்படின்னு கேட்டா கொஞ்சம் யோசிச்சுதான் பதில் சொல்லுவான், ஆனா அது நீலக் கலரா இருந்துட்டா நீங்க எதுவும் கேக்கவே வேணாம், அவனே ஃபோனை எடுத்து ஃபோட்டோ காட்ட ஆரம்பிச்சிருவான். வெயில்ல எடுத்தது, நிழல்ல எடுத்தது, சோஃபா மேல சாய்ச்சு வெச்சு எடுத்தது, ஹெட்ஸ்டாக், அதான் கம்பி முறுக்குற தலைப்பகுதி, அது மட்டும் க்ளோசப்ல, அப்புறம் வீட்டுப் பூனை பக்கத்துல வந்து உக்காந்துட்டப்போ எடுத்தது. கறுப்பு பேஸ் வெச்சிருக்கவன் இப்படி பண்ணி நான் பாத்ததில்ல. சன்பர்ஸ்ட், அதான் நடுவுல வெளிர் ஓரத்துல கருக்குற கலர், அதை வெச்சிருக்கவன் எந்த வருஷத்து மாடல்னு சொல்லி பீத்துவான், மரத்தோட ரேகையை காட்டுவான். நீலம் வெச்சிருக்கவன் மட்டும்தான் கலரையே காட்டுவான், காட்டிட்டு "மச்சி இது நேர்ல பாக்கணும்டா, ஃபோட்டோல சுத்தமா வரல"ன்னு கண்டிப்பா சேத்துக்குவான்.

நானும் அந்த கோஷ்டிதான், அதனால மத்தவங்களை கிண்டல் பண்ற மாதிரி எழுதுனாலும் எனக்கும் சேத்துதான்னு வெச்சுக்கங்க. என்கிட்ட இருக்குறது ஜப்பான்ல செஞ்ச ஃபெண்டர் ஜாஸ் பேஸ், லேக் ப்ளாசிட் ப்ளூ, ஹெட்ஸ்டாக்கும் அதே ப்ளூ. செகண்ட் ஹேண்ட். சிங்கப்பூர்ல இருக்குற மாமா பையன் அங்க ஒருத்தர்கிட்ட பேசி வாங்கி, ஊருக்கு வரும்போது கையோட தூக்கிட்டு வந்தான். இங்க கடைங்கள்ல கேட்டா பெரும்பாலும் கறுப்பு இருக்கும், சன்பர்ஸ்ட் இருக்கும், சிவப்பு ஒண்ணு இருக்கும், நீலம்னா ஆர்டர் போடணும்பாங்க, எப்ப வரும்னு தெரியாது.

விஷயம் என்னன்னா, ஃபோட்டோல வரலன்னு சொல்றது பீலா இல்ல. நீலம் நெஜமாவே அடங்காத கலர். ஃபோட்டோல நிக்காது, மேடை லைட்ல நிக்காது, பழைய பெயிண்டா இருந்தா வருஷம் ஆக ஆக நீலமாவே நிக்காது. நான் இதைப் பத்தி படிச்சு படிச்சு வீட்ல எல்லாரையும் சாவடிச்சாச்சு, இனிமே உங்க முறை.

கதை கலிஃபோர்னியால ஃபுல்லர்டன்ங்கிற ஊர்ல ஆரம்பிக்குது. லியோ ஃபெண்டர் 1951-ல ப்ரெசிஷன் பேஸ் கொண்டு வந்தப்போ கலர்னு பெருசா எதுவும் கிடையாது, மரம் தெரியுற மாதிரி வெளிர் மஞ்சள், மேல கறுப்பு பிக்கார்டு, அதான் பாடி மேல கீறல் படாம இருக்க ஸ்க்ரூ போட்டு மாட்டுற தகடு, அவ்ளோதான். 1960-ல ஜாஸ் பேஸ் வருது, லிஸ்ட் விலை 279 டாலர் 50 சென்ட், வழக்கமா கிடைக்கிற கலர் சன்பர்ஸ்ட். வேற கலர் வேணும்னா விலையில 5 சதவீதம் கூட கட்டணும். கணக்கு போட்டுப் பாருங்க, கிட்டத்தட்ட 14 டாலர். அந்த 14 டாலரை எச்சாக் குடுத்து அன்னைக்கு நீலம் கேட்டு வாங்குனவங்க கொஞ்சப் பேருதான், அதனாலதான் இன்னைக்கு அதே வருஷத்து சன்பர்ஸ்ட் பேஸும் நீல பேஸும் பக்கத்துல பக்கத்துல விலைக்கு வந்தா நீலத்துக்கு விலை எங்கயோ போயி நிக்குது. சவுண்டு ஒண்ணுதான், கம்பிக்கு அடியில சவுண்டைப் புடிக்கிற பிக்கப் ஒண்ணுதான், மரமும் ஒண்ணுதான். பெயிண்டுக்குத்தான் அந்தக் காசு.

அந்தப் பெயிண்டும் கிட்டாருக்குன்னு செஞ்சது கிடையாது. டூபாண்ட் கம்பெனி காருக்கு செஞ்ச பெயிண்ட். ரெண்டு வகை, டூகோன்னு ஒண்ணு, அது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், வார்னிஷ் மாதிரி ஒண்ணு, இன்னொண்ணு லூசைட், அது அக்ரிலிக். நம்மூர்ல பீரோவுக்கும் அம்பாசிடர் காருக்கும் டூகோ பெயிண்ட் அடிக்கணும்னு சொல்லுவாங்கல்ல, அதே டூகோதான். ஃபெண்டர்காரங்க ஏன் இதை எடுத்தாங்கன்னா ரொம்ப சிம்பிள், கலர் ரெடியா இருக்கு, நம்பர் சொன்னா எந்த ஊர் பெயிண்ட் கடையிலயும் அதே கலர் கலந்து குடுப்பான், தனியா யாரும் மண்டையை ஒடைச்சுக்க வேணாம். அப்ப காருங்களே றெக்கை வெச்சுக்கிட்டு மினுமினுன்னு ஓடுன காலம், பசங்களுக்கு காரு மாதிரியே கிட்டாரும் வேணும்.

லேக் ப்ளாசிட் ப்ளூ லூசைட் வகை, மெட்டாலிக். 1958 கேடிலாக் எல்டொராடோ ப்ரோகாம்னு ஒரு காரு, பணக்காரங்கள்லயே பெரிய பணக்காரங்க ஓட்டுன காரு, அதுல இருந்து வந்த கலர். லேக் ப்ளாசிட்ங்கிற பேருல நியூயார்க் மாகாணத்துல மலைப்பக்கம் ஒரு ஊரு இருக்கு, 1932-லயும் 1980-லயும் குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்த ஊரு. சோனிக் ப்ளூ 1956 கேடிலாக் கலர், டாஃப்னி ப்ளூ 1958 கேடிலாக் கலர். ஆக, ஃபெண்டரோட மூணு பேர்போன நீலமும் கேடிலாக்காரன் வீட்டு நீலம். போட்டி கிட்டார் கம்பெனி கிப்சன் மட்டும் சும்மா இருப்பாங்களா, அவங்க ரே டீட்ரிக்னு கார் டிசைன் பண்ற ஆளையே கூப்பிட்டு வரைய வெச்சாங்க, 1963-ல வந்த தண்டர்பேர்ட் பேஸ் அவர் கைவண்ணம், அதுக்கு வெச்ச நீலம் பெல்ஹாம் ப்ளூ. அதுவும் கார் கலர்தான்.

சோனிக் ப்ளூவும் டாஃப்னி ப்ளூவும் ஒண்ணுக்கொண்ணு எவ்ளோ வித்தியாசம்னு கேட்டா, பக்கத்துல பக்கத்துல வெச்சா தெரியும், தனித்தனியா பாத்தா சண்டைதான். சோனிக் ரொம்ப வெளுப்பு, கொஞ்சம் இருட்டுன இடத்துல வெள்ளைன்னே நெனைப்பீங்க. டாஃப்னி அதைவிட ஒரு பிடி அழுத்தம். யாராவது ஃபோட்டோ போட்டு "என்னோட டாஃப்னி ப்ளூ"ன்னு சொன்னா, "ப்ரோ அது சோனிக்"னு அஞ்சு நிமிஷத்துக்குள்ள ஒருத்தர் வந்துருவாரு, அவருக்குப் பின்னாடியே "ரெண்டும் இல்ல, அது சர்ஃப் க்ரீன்"னு இன்னொருத்தர். எனக்கு இந்தச் சண்டை ரொம்பப் புடிக்கும். மூணு பேரும் ஒரே பேஸைப் பாத்துத்தான் பேசுறாங்க, மூணு பேரு சொல்றதுலயும் கொஞ்சம் உண்மை இருக்கும், அது எப்படின்னு கீழ சொல்றேன்.

அதுக்கு முன்னாடி எங்க அம்மா. பேஸ் வீட்டுக்கு வந்த அன்னைக்கு கேஸைத் திறந்து கூடத்துல வெச்சிருந்தேன், கிச்சன்ல இருந்து கை தொடைச்சுக்கிட்டே வந்தவங்க கொஞ்ச நேரம் நின்னு பாத்தாங்க. "எம்.எஸ். ப்ளூவாடா இது?"ன்னாங்க. நான் இல்லம்மா லேக் ப்ளாசிட் ப்ளூன்னேன். கீழ குனிஞ்சு ஜன்னல் பக்கமா தலையை சாய்ச்சுப் பாத்துட்டு, "எம்.எஸ். ப்ளூ இப்படி அடிக்காது. இது மயில் கழுத்துடா, அந்தப் பக்கம் நின்னா ஒரு கலர், இந்தப் பக்கம் நின்னா ஒரு கலர்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. இதை விட சரியா ஒரு மெட்டாலிக் பெயிண்டை யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. பட்டுல பாவு ஒரு கலர் ஊடை ஒரு கலர்னு நெய்யுறதால அந்த வெட்டு வருது, பெயிண்ட்ல அலுமினியப் பொடி கலந்திருக்குறதால வருது, ஒவ்வொரு பொடியும் ஒரு பக்கமா படுத்திருக்கும், நீங்க நகர நகர வேற பொடி வெளிச்சத்தைத் திருப்பி விடும். பேஸோட ஓரம் வளையுற இடத்துல பாத்தீங்கன்னா மேல வெள்ளி மாதிரி, நடுவுல நல்ல நீலம், கீழ இறங்கும்போது கிட்டத்தட்ட கறுப்பு. ஒரே பெயிண்ட்தான்.

எம்.எஸ். ப்ளூ பேச்சு வந்ததால ஒண்ணு சொல்லிக்கிறேன், ஒரு இசைக்கலைஞருக்குன்னே ஒரு நீலம் உண்டானது நம்மூர்லதான், காஞ்சிபுரத்து முத்து செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவுக்குன்னு பட்டுல நெய்ஞ்ச கலரு அது, இன்னைக்கும் கடையில எம்.எஸ். ப்ளூன்னு கேட்டா எடுத்துப் போடுறாங்க. பேஸ் உலகத்துல அப்படி ஆள் பேரை வெச்சே கேக்குற நீலம் எதுவும் நிலைச்ச மாதிரி எனக்குத் தெரியல.

சரி, பச்சை ஆகுற கதைக்கு வரேன். 60-கள்ல பெரும்பாலும் நீலத்துக்கு மேல ஒரு க்ளியர் கோட் அடிப்பாங்க, பளபளப்புக்கு. அது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். வெயிலு, காத்து, வேர்வை, சிகரெட் புகை எல்லாம் பட்டு வருஷம் ஆக ஆக அந்த லாக்கர் மஞ்சளாகும். அடியில நீலம், மேல மஞ்சள் கண்ணாடி. நீங்க பாக்குறது பச்சை. லேக் ப்ளாசிட் ப்ளூ கடல் பச்சைக்குப் போயிரும், பெல்ஹாம் ப்ளூ இன்னும் மோசம், சிலது பாசி கலர்ல இருக்கும், சோனிக் ப்ளூ சர்ஃப் க்ரீன் மாதிரி ஆயிரும். மேல சண்டை போட்ட மூணு பேருக்கும் பதில் இதுதான். ஃபேக்டரில இருந்து வரும்போது சோனிக், இன்னைக்கு கண்ணுக்குத் தெரியுறது வேற.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச ஃபோட்டோ எதுன்னா பிக்கார்டைக் கழட்டிட்டு எடுக்குறது. பழைய ஜாஸ் பேஸ் வெச்சிருக்க புண்ணியவான்கள் ஸ்க்ரூ எல்லாம் வரிசையா ஒரு துணி மேல அடுக்கி வெச்சுட்டு ப்ளாஸ்டிக்கைத் தூக்குவாங்க, அடியில அந்த பிக்கார்டு ஷேப்லயே அசல் நீலம் இருக்கும், 1962-ல எப்படி அடிச்சாங்களோ அப்படியே. சுத்தி எல்லாம் பச்சை, நடுவுல மட்டும் நீலம். வலது கை முழங்கை பக்கம் தேஞ்சு தேஞ்சு மேல் லாக்கர் போன இடத்துலயும் திட்டுத்திட்டா நீலம் எட்டிப் பாக்கும். சிலதுல இன்னும் கூத்து, தேஞ்ச இடத்துல நீலத்துக்கு அடியில சன்பர்ஸ்ட் தெரியும். ஏற்கனவே சன்பர்ஸ்ட் அடிச்சு வெச்ச பாடி மேலயே நீலத்தை அடிச்சு ஆர்டரை முடிச்சு அனுப்பியிருக்காங்க. ஃபேக்டரின்னா ஃபேக்டரிதான், எந்த ஊரா இருந்தா என்ன.

அந்த பிக்கார்டே ஒரு தனிக் கதை. அப்ப வந்த வெள்ளை பிக்கார்டு செல்லுலாய்டு, அதுவும் வயசாக வயசாக லேசா பச்சை ஆகும், மின்ட் க்ரீன்னு இன்னைக்கு புதுசாவே அந்தக் கலர்ல செஞ்சு விக்கிறாங்க. யோசிச்சுப் பாருங்க, நீலமும் வெள்ளையும் சேத்து ஒருத்தன் ஆசை ஆசையா வாங்கியிருப்பான், அறுபது வருஷம் கழிச்சு ரெண்டும் பச்சையாகி நிக்குது. இன்னொண்ணு டார்ட்டாய்ஸ்ஷெல், ஆமை ஓடு மாதிரி செங்காவிப் பழுப்பு. நீலத்து மேல இது நல்லாருக்குமா இருக்காதான்னு கேட்டா பேஸ் வாசிக்கிறவங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சிருவாங்க. நான் டார்ட்டாய்ஸ் கட்சி. நீலத்துக்கு எதிர்ல செம்பழுப்பு நின்னாதான் நீலம் எடுக்கும், வெள்ளை வெச்சா பள்ளிக்கூட யூனிஃபார்ம்தான் எனக்கு ஞாபகம் வருது. வெள்ளை கட்சிக்காரங்க கோச்சுக்காதீங்க.

என் பேஸை நானும் ஒரு நாள் ஆசைல கழட்டிப் பாத்தேன். அடியில இருந்தது கொஞ்சம் தூசி, யாரோ விட்டுட்டுப் போன ஒரு சின்ன ஸ்க்ரூ. கலர் உள்ளயும் வெளியயும் அச்சு அசல் ஒண்ணு. அது தெரிஞ்ச விஷயம்தான், ஃபெண்டரே 60-கள் கடைசில பாலியெஸ்டருக்கு மாறிட்டாங்க, ஜப்பான்ல செஞ்சதுல முக்காவாசியும் அந்த மாதிரி கெட்டி ஃபினிஷ்தான், நைட்ரோ மாதிரி லேசுல மஞ்சளாகாது, தேயாது, கீழ போட்டா சில்லு சில்லா வேணா பேரும். நல்லது தானேன்னு கேட்டா நல்லதுதான். ஆனா பச்சை ஆகாதான்னு ஒரு ஏக்கம் இருக்கு. இப்ப கம்பெனிக்காரங்களே பச்சை ஏறுன நீலத்தை புதுசாவே அடிச்சு, முழங்கை பட்ட தேய்மானம் வரைக்கும் போட்டு, கூட காசு வாங்கி விக்கிறாங்க. பாக்க அழகாத்தான் இருக்கு, ஒத்துக்குறேன். ஆனா இன்னொருத்தன் உப்புக் காயிதம் வெச்சுத் தேச்ச முழங்கைக்கு நான் எதுக்குக் காசு குடுக்கணும், என் முழங்கை சும்மாதான் இருக்கு.

மேடைக்கு வருவோம். எங்க ட்ரூப் வாசிக்கிறது பெரும்பாலும் ரிசப்ஷன், அப்பப்ப கோயில் திருவிழா. நீல பேஸோட நான் முதல்ல ஏறுன மேடை ஒரு ரிசப்ஷன், முன்னாடி வரிசையா மஞ்சள் பார் லைட்டு. கீபோர்டு அண்ணன் சவுண்ட் செக் முடியிற நேரம் திரும்பிப் பாத்துட்டு, "என்ன தம்பி, புது பேஸ் புது பேஸ்னு சொன்ன, அதே கறுப்பைத்தான தூக்கிட்டு வந்திருக்க?"ன்னாரு. "அண்ணே இதுதாண்ணே அது, ப்ளூண்ணே." "எங்கய்யா ப்ளூ?" குனிஞ்சு பாத்தா அவரு சொல்றது சரி, தார் ரோடு மாதிரி கெடக்கு. மஞ்சள் லைட்ல நீல வெளிச்சம் ரொம்பக் கம்மி, வராத வெளிச்சத்தை பெயிண்டு எப்படித் திருப்பிக் குடுக்கும். சிவப்பு பேஸ் வெச்சிருந்தா அந்த லைட்ல பழுத்த தக்காளி கணக்கா ஜொலிச்சிருக்கும்.

அப்புறம் ஒரு டூயட்டுக்கு லைட்காரப் பையன் வெள்ளை எல்.ஈ.டி.யை தட்டுனான் பாருங்க, டக்குனு முழு பேஸும் தொறந்துச்சு. பாட்டுல நான் நாலு தாள வட்டம் உள்ள போனதுக்கு அப்புறம்தான் கவனிச்சேன், முன் வரிசைல ஒரு சின்னப் பொண்ணு வாயப் பொளந்துக்கிட்டு என் கையைப் பாக்கல, பேஸைப் பாக்குது. ராஜா பாட்டுல பேஸ் லைனை தனியா காது குடுத்து கேக்குற ஊரு நம்ம ஊரு, ஆனாலும் மேடைல பேஸ் வாசிக்கிறவனை யாரு பாக்குறா, பாடுறவங்களுக்குப் பின்னாடி ட்ரம்ஸ் பக்கத்துல ஓரமா நிக்கிற கேஸ். அதனால ஒரு பாட்டுக்காவது கலரைப் பாத்தா சந்தோஷம்தான், மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. முழு நீல லைட் போட்டாலும் நல்லா ஜொலிக்கும், ஆனா அதுல ஒரு லாபமும் இல்ல, வெள்ளை பேஸும் அதே மாதிரிதான் தெரியும், டிரம்மர் பனியனும் அதே மாதிரிதான் தெரியும்.

மேடைல நீலத்தை காட்டுறதுன்னா எனக்கு ஒரே ஆளுதான், அயர்ன் மெய்டன்ங்கிற இங்கிலாந்து ஹெவி மெட்டல் பேண்ட்ல பேஸ் வாசிக்கிற ஸ்டீவ் ஹாரிஸ். அவரோட 70-கள் தொடக்கத்து ப்ரெசிஷன் பேஸை அவரு பெயிண்டு மாத்தி மாத்தி அடிச்சிருக்காரு, அதுல 80-கள்ல வந்த கோலம் ப்ளூ ஸ்பார்க்கிள், மேல கண்ணாடி மாதிரி மிரர் பிக்கார்டு. மெட்டாலிக் வேற, ஸ்பார்க்கிள் வேற. மெட்டாலிக்ல பொடி கண்ணுக்குத் தனியா தெரியாது, ஸ்பார்க்கிள்ல ஒவ்வொரு துண்டும் தனித்தனியா மின்னும், எந்தக் கலர் லைட் அடிச்சாலும் அதைப் புடிச்சு எறியும். போதாததுக்கு மிரர் பிக்கார்டு, ஸ்பாட் லைட்டை அப்படியே கூட்டத்து மேல திருப்பி விடும். மனுஷன் ஒரு காலை மேடை முன்னாடி இருக்குற மானிட்டர் ஸ்பீக்கர் மேல வெச்சுக்கிட்டு பேஸோட கழுத்தை மெஷின் கன் மாதிரி ஜனங்க பக்கம் நீட்டி வாசிப்பாரு. கம்பியைத் தட்டுற பிக் கிடையாது, விரல்தான், குதிரை ஓடுற மாதிரி வர்ற அந்தத் தாளம் முழுக்க விரல். அதுலயும் ரோட்டோசவுண்ட் கம்பெனி ஃப்ளாட்வவுண்ட் ஸ்ட்ரிங், அதான் மேல வழவழன்னு தட்டையா சுத்துன கம்பி, ஹெவி மெட்டல்ல யாரு போடுவா அதை. அப்புறமா அவரோட ஃபுட்பால் டீம் வெஸ்ட் ஹாம் யுனைடெட் கலருக்கு பேஸை மாத்திட்டாரு, ஃபெண்டர் அவர் பேருல விட்ட மாடல்ல ஒண்ணு மட்டும் ராயல் ப்ளூ மெட்டாலிக், அதே மிரர் பிக்கார்டோட. மாத்தாமலே இருந்திருக்கலாம்னு நான் நெனைக்கிறேன், ஆனா ஃபுட்பால் பைத்தியத்துகிட்ட கலரைப் பத்தி பேச முடியாது.

அயர்ன் மெய்டன் 2007 மார்ச் 17-ம் தேதி பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸ்ல வாசிச்சாங்க, இந்தியால அதுதான் அவங்களோட முதல் ஷோ. சென்னைல இருந்து கூட்டம் கூட்டமா கெளம்பிப் போனாங்க. எனக்கு ப்ளஸ் டூ பரீட்சை. வீட்ல அந்தப் பேச்சை எடுத்திருந்தாலே கிட்டார் பரண்ல ஏறியிருக்கும். போயிட்டு வந்த தெருப் பசங்க தொண்டை கட்டிப் போயி சைகைலயே கதை சொன்னாங்க, அதுல ஒருத்தன் அந்தக் காலை மானிட்டர்ல தூக்கி வைக்கிற போஸை எங்க வீட்டு திண்ணைல செஞ்சு காட்டுனது இன்னும் கண்ணுல இருக்கு.

நீலத்துக்கு எவ்ளோ விலைன்னு ஒரு கணக்கு சொல்றேன், இது பேஸ் இல்ல கிட்டார், ஆனா கலர் நம்ம கலரு. நிர்வாணா பேண்டோட கர்ட் கோபேன் வெச்சிருந்த 1969 ஃபெண்டர் மஸ்டாங், லேக் ப்ளாசிட் ப்ளூ, குறுக்க ரேஸ் கார் கோடு போட்டது, 2022-ல ஏலத்துக்கு வந்து கிட்டத்தட்ட 45 லட்சம் டாலருக்குப் போச்சு. கோபேன் கிட்டாருக்குத்தான் விலை, நீலத்துக்கு இல்லன்னு நீங்க சொல்லுவீங்க, சரிதான். ஆனா வாங்குனவரு ஜிம் இர்சே, அப்ப இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ்ங்கிற அமெரிக்கன் ஃபுட்பால் டீமுக்கு ஓனரா இருந்தவரு, அந்த டீமோட கலரு நீலமும் வெள்ளையும். சும்மா சொல்லி வெக்கிறேன். அந்த ரேஸ் கோடு மஸ்டாங் பேஸுலயும் வந்துச்சு. மஸ்டாங் பேஸு 1966-ல வந்தது, குட்டிக் கழுத்து, லியோ ஃபெண்டர் தன் பேருல இருந்த கம்பெனிக்கு கடைசியா டிசைன் பண்ண பேஸ் அதுதான். கோடு போட்ட நீல மஸ்டாங் பேஸ் எங்கயாவது விலைக்கு வந்தா எனக்கு சொல்லாதீங்க, கையில காசு இல்ல.

ஹெட்ஸ்டாக் பத்தி சொல்லாம விட முடியாது. பாடி கலரே ஹெட்ஸ்டாக்குலயும் இருந்தா அதுக்கு மேட்சிங் ஹெட்ஸ்டாக்னு பேரு, 60-கள்ல ஃபெண்டர் அதை ஜாஸ் பேஸ் மாதிரி விலை கூடுன மாடலுக்குத்தான் செஞ்சாங்க, ப்ரெசிஷனுக்கு சாதாரணமா வெறும் மரம்தான். அதனால நீல ஜாஸ் பேஸ்காரன் ஃபோட்டோவை மேல இருந்து எடுப்பான், நீல ப்ரெசிஷன்காரன் பாடியை மட்டும் எடுப்பான். கவனிச்சுப் பாருங்க. மேட்சிங் ஹெட்ஸ்டாக் ஓவர்னு சொல்ற ஆளுங்களும் இருக்காங்க, மேலயும் கீழயும் ஒரே கலர்ல நாதஸ்வர செட்டு ஜிப்பா மாதிரி இருக்குன்னு என் ஃப்ரெண்டு ஒருத்தன் சொல்லுவான். அவன்கிட்ட இருக்குறது கறுப்பு பேஸ்.

கலரால சவுண்டு மாறுமான்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு. மாறாது. பிக்கப் காந்தத்துக்கு மேல ஸ்டீல் கம்பி ஆடுறதுதான் சவுண்டு, காந்தத்துக்கு கலர் தெரியாது. ஆனா நீலத்தை மாட்டுனா நான் கொஞ்சம் நிமிந்து நிக்கிறேன், நிமிந்து நின்னா மணிக்கட்டு மடங்காம கொஞ்சம் நல்லாவே வாசிக்கிறேன், இதை சவுண்டுல சேக்குறதா வேணாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க.

ஸ்ட்ராப் வாங்குறவங்களுக்கு, பழுப்பு லெதர் போடுங்க, நீலத்துக்கு நீலம் போடாதீங்க, எந்த நீலமும் இன்னொரு நீலத்தோட ஒட்டாது, ரெண்டுமே அழுக்கா தெரியும். ஃபோட்டோ எடுக்குறவங்களுக்கு, ட்யூப் லைட்டுக்கு அடியில எடுக்காதீங்க, ஃப்ளாஷ் வேணவே வேணாம், மெட்டாலிக்ல ஃப்ளாஷ் பட்டா நடுவுல வெள்ளை வட்டம் ஒண்ணுதான் கிடைக்கும். காலைல மொட்டை மாடிக்கு தூக்கிட்டுப் போங்க, நேர் வெயில் இல்லாம தண்ணி டேங்க் நிழல்ல வைங்க. ஃபோன் கேமரா படம் முழுக்க நீலத்தைப் பாத்துட்டு ஏதோ தப்புன்னு நெனைச்சு அதுவா மஞ்சளைக் கூட்டிரும், லேக் ப்ளாசிட் சாம்பல் ஆகுறது அங்கதான், அதுக்கு பக்கத்துல ஒரு வெள்ளை பேப்பரை வெச்சு ஒயிட் பேலன்ஸை அதுல புடிச்சு லாக் பண்ணிட்டு அப்புறம் எடுங்க. லேசா மேக மூட்டம் இருந்தா இன்னும் நல்லது. பின்னாடி கொடில துணி காயுதான்னு ஒரு தடவை பாத்துக்கங்க, என் ஃபோட்டோல முக்காவாசில அப்பாவோட கட்டம் போட்ட லுங்கி இருக்கு.